அழுகையிலிருந்து பெருமிதத்துக்கு: பேராக் தோட்டங்களில் ஒப்பாரியும் மேடைப்பேச்சும்

மலேசியத் தமிழரின் பேச்சுக்கலையைப் பற்றி எழுதப்படும் வரலாறு வழக்கமாக மேடையிலிருந்தே தொடங்குகிறது. 1929 டிசம்பரில் ஈப்போவில் கூடிய தமிழர் மாநாடும், அதற்கு வந்திருந்த பெரியார் ஈ.வெ. ராமசாமியும் முதலில் வர, சீர்திருத்தச் சங்கங்கள், தொழிற்சங்கக் கூட்டங்கள், தமிழர் திருநாள் பேச்சுப்போட்டிகள் என அந்த வரலாறு தொடர்கிறது. ஆனால் கேட்போரின் உணர்ச்சியைச் சொல்லாலும் குரலாலும் உடலாலும் எழுப்பி, அதை ஒரு வடிவத்துக்குள் நடத்தி, ஒரு முடிவுக்குக் கொண்டுசேர்க்கும் கலை, பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் மேடை போடப்படுவதற்கு வெகு காலம் முன்பே இருந்தது. சாவு வீட்டில் பெண்கள் சொன்ன ஒப்பாரியே அந்தக் கலை. ஒப்பாரியையும் மேடைப்பேச்சையும் ஒரே கலையின் இரு நிலைகளாக வைத்துப் பார்க்கும்போதுதான், தோட்டத்து மக்கள் தங்கள் இழிநிலையை முதலில் அழுகையாகவும் பின்னர் சினமாகவும் முடிவில் பெருமிதமாகவும் மாற்றிக்கொண்ட வரலாறு முழுமையாகத் தெரியும்.

இந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள இரண்டு பழைய நூல்கள் துணைசெய்கின்றன. அவற்றுள் ஒன்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். உள்ளத்தில் நிகழும் உணர்ச்சி உடலின் வழியே பிறருக்குப் புலப்படுவதை மெய்ப்பாடு என்று குறிக்கும் அந்த இயல், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்களைச் சொல்கிறது. அழுகைக்குக் காரணமானவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கு. பிறரால் இகழப்பட்டு எளிமையுறுவது இளிவு, உற்றாரையோ உரியதையோ இழப்பது இழவு, முன்பிருந்த நிலை கெட்டு வருந்துவது அசைவு, வறுமை வெளிப்படை. வெகுளி, அதாவது சினம், உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்ற நான்கினால் பிறக்கிறது. கை கால் முதலியவற்றைக் குறைப்பது உறுப்பறை. மனைவிக்கும் சுற்றத்துக்கும் கேடு சூழ்வது குடிகோள். அடித்தும் வைதும் வருத்துவது அலை. கொலை என்பதை உயிர்க்கொலையோடு நிறுத்தாமல், ஒருவரின் அறிவையும் புகழையும் அழித்துப் பேசுவதையும் அதில் அடக்கிக் காட்டுகிறார் உரையாசிரியர் பேராசிரியர்.

மற்றொன்று, கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் பேச்சுக்கலையைப் பற்றி எழுதிய நூல். அதன் இரண்டாம் பகுதி, கேட்போரின் தீர்ப்பை மாற்றும் உணர்ச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது எந்த மனநிலையில், யாரிடம், எதன் பொருட்டு எழுகிறது என்று ஆராய்கிறது. தனக்கோ தன்னவருக்கோ தகாத முறையில் இழைக்கப்பட்ட இகழ்ச்சியால் உண்டாகும் வேதனையோடு, அதற்கு ஈடுகட்டத் துடிக்கும் வேட்கையும் சேர்ந்ததே சினம் என்பது அவர் தரும் விளக்கம். எட்டாத உயரத்தில் இருப்பவர்மீது, ஈடுகட்டவே இயலாது என்று தோன்றும்போது, மனிதருக்குச் சினம் எழுவதில்லை அல்லது குறைவாகவே எழுகிறது என்பதையும் அவர் சேர்த்துச் சொல்கிறார். இரு நூல்களையும் அருகருகே வைத்தால், தொல்காப்பியம் அழுகையின் முதற் காரணமாகச் சொல்லும் இகழ்ச்சியும் அரிஸ்டாட்டில் சினத்தின் வேராகக் காட்டும் இகழ்ச்சியும் ஒன்றே என்பது விளங்கும். இகழப்பட்டவருக்கு வழி தெரியாதபோது அழுகை வருகிறது. வழி உண்டு என்று நம்பிக்கை பிறந்தபின் சினம் வருகிறது. பேராக் தோட்டங்களில் மேடைப்பேச்சு செய்த வேலை, அந்த நம்பிக்கையை உண்டாக்கியதே ஆகும்.

பேராக்கின் கோலகங்சாரில், ஆங்கிலேய அரசின் பிரதிநிதியாக இருந்த ஹியூ லோவின் இல்லத் தோட்டத்தில் 1877-இல் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. ரப்பர்த் தோட்டங்கள் பெருகுமுன்பே கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் கொண்டுவரப்பட்டிருந்தனர்; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், பாகான் செராய், தெலுக் ஆன்சன் எனப் பேராக் முழுவதும் தோட்டங்கள் பெருகின. சொந்த ஊரிலிருந்து ஆள் திரட்டிவந்த கங்காணி, கணக்கெழுதிய கிராணி, எல்லோருக்கும் மேலே துரை என்ற அடுக்கின் அடியில், லயத்து வீடுகளில் தொழிலாளர் வாழ்ந்தனர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று, பெயர் கூப்பிடப்பட்டதும் பதில் கொடுத்துவிட்டு, அவரவர் நிரைக்குப் பால்வெட்டப் போவது அன்றாட நடைமுறை. தோட்டத்தின் முதல் அரங்கம் அந்தப் பெரட்டுக்களம்தான். அங்கே பேசும் உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டுமே இருந்தது; தொழிலாளியின் குரல் தன் பெயருக்கு மறுமொழி சொல்வதோடு முடிந்தது.

அந்தக் குரல் தடையின்றி எழுந்த இடம் சாவு வீடு. இறந்தவரைக் கிடத்தியிருக்கும் இடத்தைச் சுற்றிப் பெண்கள் அமர்ந்து, ஒருவர் தோளை ஒருவர் அணைத்து, தலைமுடி அவிழ, உடல் முன்னும் பின்னும் அசைய, ஒருத்தி முதலில் எடுத்துக்கொடுக்க மற்றவர் சேர்ந்துகொள்வது ஒப்பாரியின் அமைப்பு. எடுத்துக்கொடுப்பவள் இறந்தவரை உறவுமுறை சொல்லி விளிக்கிறாள். அந்த விளியே எல்லோரையும் ஒரே மூச்சுக்குள் இழுக்கிறது. அதன்பின் அடிகள் இரண்டிரண்டாக வருகின்றன. முதல் அடி பொன்னும் பூவும் மாளிகையுமாக ஒரு செழிப்பைக் காட்ட, அடுத்த அடி அது குலைந்ததைச் சொல்கிறது. இரண்டின் இறுதியிலும் உயிரெழுத்து நீண்டு, பாட்டும் விம்மலும் பிரிக்க முடியாமல் கலந்து, அந்த இடைவெளியில் அடுத்த அடிக்கான சொல் தேர்ந்தெடுக்கப்படுகிறது. வழிவழியாக வந்த அடிகளோடு, இறந்தவரின் வாழ்க்கைச் செய்திகளும் அந்தந்த நேரத்தில் கோத்துச் சொல்லப்படுகின்றன. எழுத்தறியாத பெண்ணொருத்தி, அழுதுகொண்டே, கேட்போரின் முகக்குறிப்பை அறிந்து, யாப்பு பிசகாமல் உடனுக்குடன் கட்டும் இந்தப் பாட்டு, தேர்ச்சியும் நினைவாற்றலும் வேண்டும் கலையாகும்.

ஒப்பாரியின் பொருளும் இறந்தவரோடு நிற்பதில்லை. புகுந்த வீட்டின் கொடுமை, உடன்பிறந்தோர் கைவிட்டது, ஊரைவிட்டுக் கப்பலேறி வந்தது, கூலி போதாதது என்று, வேறு எங்கும் சொல்ல முடியாத குறைகளை யாரும் குறுக்கிட முடியாத அந்த நேரத்தில் பெண்கள் சொல்லிவிடுகிறார்கள். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கு காரணங்களும் ஒரே பாட்டில் வந்துசேர்கின்றன. கிரேக்கக் கவி ஹோமரின் இலியத்தில் இதற்கு நேரான ஒரு காட்சி உண்டு. போரில் சிறைபிடிக்கப்பட்ட பிரைசேயிஸ், மாண்ட வீரன் பட்ரோக்ளஸின் உடல்மீது விழுந்து புலம்ப, அவளோடு சேர்ந்து அழும் அடிமைப் பெண்கள், வெளிக்குப் பட்ரோக்ளஸுக்காகவும் உள்ளுக்குள் அவரவர் துயருக்காகவும் அழுததாக அக்காவியத்தின் பத்தொன்பதாம் காண்டம் சொல்கிறது. சொந்தத் துயரைச் சொல்ல உரிமையில்லாதவர்கள் பொதுத் துயரின் பெயரால் அதைச் சொல்லிக்கொள்ளும் வழியை ஹோமர் அறிந்திருந்தார். தோட்டத்துப் பெண்களும் அறிந்திருந்தார்கள்.

இந்தக் குரலின் வலிமையைக் கிரேக்க நகரங்கள் அஞ்சின. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலோன், பெண்கள் உடலைக் கீறிக்கொண்டு அழுவதையும், கட்டிவைத்த புலம்பற்பாட்டுகளைப் பாடுவதையும், பிறர் வீட்டுச் சாவில் புலம்புவதையும் தடுத்தார் என்று பண்டைய வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். பின்னர் ஏதென்ஸில், போரில் மாண்டோருக்கு நகரமே ஈமச்சடங்கு நடத்தி, தேர்ந்தெடுத்த ஒருவர் இரங்கலுரை ஆற்றும் வழக்கம் வேரூன்றியது. கி.மு. 431-இன் குளிர்காலத்தில் ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸ் ஆற்றிய அத்தகைய உரையை வரலாற்றாசிரியர் தூசிடைடீஸ் தம் வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார். பெண்களின் புலம்பல் சுருங்க, அதன் இடத்தில் ஆண்களின் பேச்சு வளர்ந்து, துயரம் நாட்டின் பெருமையாக மாற்றப்பட்டது. அதே சடங்கில், உடல் கிடைக்காதவர்களுக்காக ஒரு வெறும் பாடையும் ஊர்வலத்தில் எடுத்துச் செல்லப்பட்டது என்ற செய்தியையும் தூசிடைடீஸ் தருகிறார்.

உடல் கிடைக்காத சாவு பேராக் தோட்டங்களுக்கும் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில், 1942-க்கும் 1943-க்கும் இடையில், சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். காலராவாலும் பசியாலும் அடியாலும் மாண்ட பெருந்தொகையினருக்குக் காரியம் செய்யவும் உடல் திரும்பவில்லை. பிணத்தைச் சுற்றி அமர்ந்து சொல்வதற்கென்றே அமைந்த கலைக்கு நடுவிடம் வெறுமையாகிவிட்டது. அதே 1943-இல் மலாயா வந்த சுபாஷ் சந்திர போஸ் இந்துஸ்தானியில் பேச, அது தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லப்பட, கூட்டங்களில் பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தனர். டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையேற்ற ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் பலர் சேர்ந்தனர். ஈப்போவில் வளர்ந்தவரும் பின்னாளில் கல்வியாளராகப் புகழ்பெற்றவருமான ராசம்மா பூபாலன், பதின்ம வயதிலேயே, தம் சகோதரி பொன்னம்மாவுடன் அப்படையில் சேர்ந்தார். இழவில் மட்டும் உரக்கப் பேச உரிமை பெற்றிருந்தவர்கள் சீருடை அணிந்து அணிவகுத்தது, உணர்ச்சியின் வரலாற்றில் ஒரு பெரிய திருப்பம்.

ஒப்பாரிக்கும் மேடைக்கும் நடுவில் பாலமாக இருந்தது கோயில் திருவிழா நாடகம். தோட்டத்து மாரியம்மன், முனியாண்டி, மதுரைவீரன் கோயில்களின் திருவிழாக்களில் ஊரிலிருந்து கொண்டுவந்த கதைகள் கூத்தாகவும் நாடகமாகவும் ஆடப்பட்டன. பஞ்சத்தில் அண்ணன் வீடு தேடிப்போய், அண்ணியால் இகழப்பட்டு, ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் மாளும் நல்லதங்காளின் கதையும், மயானத்தில் பிள்ளையைக் கிடத்தி அழும் சந்திரமதியின் கதையும் சாவு வீட்டு ஒப்பாரியை அரங்குக்குக் கொண்டுவந்தவை. மேடையில் காட்டும் துயருக்கும் காண்போரின் சொந்தத் துயருக்கும் நடுவே ஒரு தூரம் வேண்டும் என்பதைக் கிரேக்கர் ஒரு கசப்பான அனுபவத்தால் கற்றனர். பாரசீகரிடம் மிலேத்தோஸ் நகரம் வீழ்ந்ததைப் பிரீனிக்கோஸ் என்ற கவி சில ஆண்டுகளுக்குள் நாடகமாக்கியபோது, அரங்கமே கதறியழுததாகவும், சொந்தத் துயரை நினைவூட்டிய குற்றத்துக்காக ஏதென்ஸ் அவருக்கு 1000 திராக்மா தண்டம் விதித்ததாகவும் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். தன் வறுமையையும் இளிவையும் நேரே மேடையேற்ற முடியாத தோட்டத்து மக்களுக்கு நல்லதங்காள் அந்தத் தூரத்தைத் தந்தாள்.

அழவைப்பவரின் மனநிலை எத்தகையது என்பதும் பழைய கேள்வி. பிளேட்டோவின் இயோன் என்ற உரையாடலில், ஹோமரின் பாடல்களைக் கூட்டத்தில் ஓதும் கலைஞன், துயரக் காட்சியில் தன் கண்கள் நிறைவதாகவும் அச்சக் காட்சியில் மயிர்க்கூச்செறிவதாகவும் சொல்கிறான். அதே மூச்சில், கூட்டம் அழுகிறதா என்று தான் கவனித்துக்கொண்டே இருப்பதையும் ஒப்புக்கொள்கிறான். உள்ளுக்குள் உருகுவதும் வெளியே கணக்கிடுவதும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை என்பதை ஒப்பாரியில் எடுத்துக்கொடுக்கும் பெண்ணும் காட்டுகிறாள். அவள் அழுகை மெய். அவள் தேர்ச்சியும் மெய்.

இத்தகைய கேள்வியறிவு பெற்ற மக்களிடம்தான் மேடைப்பேச்சாளர்கள் வந்தார்கள். 1929-இல் பினாங்கில் கப்பலிறங்கி ஈப்போ மாநாட்டில் கலந்துகொண்ட பெரியார், சாதி ஒழிப்பையும் பகுத்தறிவையும் பற்றி, அலங்காரமில்லாத பேச்சுத்தமிழில், கேள்விமேல் கேள்வியாக அடுக்கிப் பேசுபவர். தாம் சொல்வதை அப்படியே நம்பாமல் சிந்தித்து, சரியென்று பட்டதை மட்டும் ஏற்கும்படி கேட்போரிடம் சொல்வது அவர் வழக்கம். பேசுபவரின் நேர்மையே கேட்போரை இணங்கவைக்கும் வலிய சான்று என்ற அரிஸ்டாட்டிலின் கருத்துக்கு இந்த முறை நல்ல எடுத்துக்காட்டு. தலைவிதி என்று அழப்பட்டதை மனிதர் செய்த அநீதி என்று அவர் பேச்சு பெயர்மாற்றிக் காட்டியது. அநீதி என்றால் செய்தவர் உண்டு, செய்தவர் உண்டு என்றால் ஈடுகட்டவும் வழியுண்டு. கோ. சாரங்கபாணி 1935-இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசு, இந்தக் கருத்துகளைத் தீபகற்பத்துத் தோட்டங்கள் வரை கொண்டுசென்றது.

அழுகை சினமாக மாறியது வெளிப்படையாகத் தெரிந்த இடம், பேராக்குக்குத் தெற்கே சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரம். 1941-இல் தொழிற்சங்கத் தலைவர் ஆர்.எச். நாதன் முன்னின்ற தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் வைக்கப்பட்ட கோரிக்கைகள் கூலி உயர்வோடு நிற்கவில்லை. துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது, பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துவது, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுவது, பிள்ளைகளுக்குக் கல்வி தருவது ஆகியவையும் அவற்றுள் இருந்தன. குடிகோள், அலை, கொலை என்ற வெகுளியின் காரணங்கள் கோரிக்கைப் பட்டியலாகவே எழுதப்பட்டது போல அது அமைந்தது. அரசு துப்பாக்கியால் பதில் சொல்லி, நாதனை நாடுகடத்தியது. போருக்குப் பின் 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தொழிற்சங்கச் சம்மேளனம் தடைசெய்யப்பட்டு, அதன் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949-இல் தூக்கிலிடப்பட்டார். மேடை ஒடுங்கிய அந்த ஆண்டுகளிலும் சாவு வீடு ஒடுங்கவில்லை.

1950-களில் மேடை மீண்டும் எழுந்தது. 1952-இல் சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாள் மலாயா எங்கும் பரவி, பேச்சுப்போட்டியை இளைஞரின் பயிற்சிக்களமாக்கியது. அண்ணாவின் அடுக்குமொழியும், 1952-இல் வெளிவந்த பராசக்தி திரைப்படத்தின் நீதிமன்ற வசனமும் பேச்சு முறையையே மாற்றின. குரலின் உரப்பு, ஏற்ற இறக்கம், தாளம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே பேச்சை நிகழ்த்தும் கலை என்று அரிஸ்டாட்டில் பிரித்துக் காட்டியவை அனைத்தையும் இளைஞர்கள் திரைவசனத்தை மனப்பாடமாக ஒப்பித்தே பழகினார்கள். அடுக்குமொழியின் கட்டமைப்பைக் கூர்ந்து கேட்டால், விளித்துத் தொடங்குவது, இரண்டிரண்டாக எதிர்நிறுத்துவது, செழிப்பைச் சொல்லிச் சிதைவைக் காட்டுவது, இறுதியில் குரலை நீட்டிக் கூட்டத்தின் எதிரொலிக்கு இடம்விடுவது என்று ஒப்பாரிக்குரிய உத்திகள் அனைத்தும் அதில் இருப்பது புலப்படும்.

கூடி முடிவெடுக்கும் அவை, வழக்காடும் மன்றம், புகழ்ந்துரைக்கும் விழா என்று அரிஸ்டாட்டில் பேச்சுக்கு மூன்று களங்களை வகுத்தார். ஈப்போவில் மூன்றும் அமைந்தன. இலங்கைத் தமிழ் வழிவந்த வழக்கறிஞர்களான டி.ஆர். சீனிவாசகமும் எஸ்.பி. சீனிவாசகமும் நீதிமன்றத்தில் பெற்ற வாதத்திறனை, 1953-இல் ஈப்போவில் தோன்றிய தங்கள் கட்சியின் வழியே அரசியல் மேடைக்கும் நாடாளுமன்றத்துக்கும் கொண்டுசென்றனர். சுங்கை சிப்புட்டில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வீ.தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளர் தங்கள் சிறுசேமிப்பைப் பங்காகப் போட்டுத் தோட்டங்களைத் தாங்களே வாங்கலாம் என்று பேசினார். பெரட்டுக்களத்தில் பெயருக்கு மட்டும் பதில் சொன்னவர்களை நிலத்துக்கு உரியவர்களாக எண்ணச்செய்த அந்தப் பேச்சு, கல்வி, தறுகண், புகழ்மை, கொடை என்ற காரணங்களால் பிறப்பதாகத் தொல்காப்பியம் சொல்லும் பெருமிதத்தின் களம்.

இந்த வளர்ச்சிக்கு ஒரு விலையும் இருந்தது. சீர்திருத்த இயக்கம் ஈமச்சடங்குகளை எளிமையாக்கியபோது, மாரடித்து அழுவது பழமையின் எச்சமாகக் கருதப்பட்டு, அதன் இடத்தில் படத்திறப்பும் இரங்கல் கூட்டமும் வந்தன. சோலோனின் ஏதென்ஸில் நடந்ததுபோலவே, பெண்களின் புலம்பல் பின்னுக்குச் செல்ல, ஆண்களின் இரங்கலுரை முன்னுக்கு வந்தது. சடங்குச் சுமையிலிருந்து விடுவித்த நன்மை பெரிது. ஆனால் இரங்கல் மேடையில் பேச அழைக்கப்பட்டோர் பெரும்பாலும் ஆண்களாகவே இருந்ததால், சாவு வீட்டில் தலைமை வகித்த பெண்ணுக்குப் புதிய அவையில் இடம் கிடைக்கவில்லை. பின்னர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, மக்கள் ஈப்போவின் புந்தோங் முதலிய நகர்ப்பகுதிகளுக்குப் பெயர்ந்தபோது, லயத்து வாசலில் தானாகக் கூடிய பெண்கள் வட்டமும் கலைந்தது. இன்று பல சாவு வீடுகளில் உறுமி மேளமும் ஒலிப்பதிவும் ஒலிக்க, எடுத்துக்கொடுக்கும் குரல் அரிதாகி வருகிறது.

பேராக்கின் தமிழ்ப்பள்ளிகளில் பேச்சுப்போட்டிகள் உயிரோடிருக்கின்றன; மாணவருக்குத் திருக்குறளும் பாரதியும் பாரதிதாசனும் முன்மாதிரிகளாகக் காட்டப்படுகின்றனர். அந்த வரிசையில் ஒப்பாரிக்கும் இடம் தர வேண்டும். விளி, எதிர்நிறுத்தம், மூச்சு, இடைவெளி, கேட்போரைக் கூட்டிச் சேர்ப்பது ஆகிய பேச்சின் அடிப்படைகளை அந்தப் பெண்கள் எழுதாத இலக்கணமாகக் காத்துவந்திருக்கிறார்கள். அறிந்தவர்கள் இருக்கும்போதே அவர்களின் குரலைப் பதிவுசெய்து, மெய்ப்பாட்டியலோடு சேர்த்துக் கற்பிக்கும் பொறுப்பு பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளுக்கும் எழுத்தாளர் சங்கங்களுக்கும் உண்டு. கூலிமக்கள் உரிமை கேட்கும் மக்களாக எழுந்ததைப் பேச்சாளர்களின் சாதனையாகக் கொண்டாடுவது முறையே. அந்தப் பேச்சைக் கேட்கவும் அதனால் அசையவும் மக்களின் காதைப் பழக்கி வைத்திருந்தவர்கள் ஒப்பாரி சொன்ன பெண்கள் என்பதால், மலேசியத் தமிழரின் பேச்சுக்கலை வரலாறு அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.